அப்பாவோட பிபி பட்டை ராத்திரில 165 காட்டுது, அவசரம்

மருதமலை88 (இரவு 11:42)
அப்பாவுக்கு போன வாரம் பிபி பாக்குற கைப்பட்டை வாங்கிக் கொடுத்தேன். நாள் பூரா தானா அளந்து போன்ல கிராஃப் போடும். பகல்ல 128, 130னு இருக்கு. தூங்குறப்ப 160, 165னு ஏறுது. ராத்திரி குறையணும்னுதானே சொல்வாங்க? அம்மா தூங்காம பக்கத்துலயே உக்காந்திருக்காங்க. மாத்திரை ஒண்ணு கூட கொடுக்கலாமா? சீக்கிரம் சொல்லுங்க.

வெண்டைக்காய்
மாத்திரையை நீங்களா கூட்டாதீங்க ப்ரோ. நெஞ்சு வலி, மூச்சு வாங்குறது, பேச்சு குழறல், ஒரு பக்கம் கை கால் மரத்துப் போறதுன்னு ஏதாவது இருந்தா இங்க டைப் பண்ணாம 108ஐக் கூப்பிடுங்க. இல்லைன்னா வயசு என்ன, என்ன மாத்திரை, கைல கஃப் (காத்தடிச்சு இறுக்குற பட்டை) சுத்திப் பார்த்தீங்களா? ஒண்ணுமே சொல்லலையே.

கல்யாணி அக்கா
தம்பி, ராத்திரி என்ன சாப்பிடுறார்? எங்க மாமனாருக்கு மோர்சாதத்துக்கு நாலு அப்பளம், ஒரு கரண்டி ஊறுகாய் வேணும். அதை நிறுத்தினப்புறம்தான் அவருக்கு இறங்குச்சு. உப்பைப் பாருங்க முதல்ல.

சர்வீஸ் ராஜா
மாசத்துக்கு பத்து தடவை இதே கேள்வி. தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை கிடையாது. சரி, இன்னொரு தடவை சொல்றேன். அந்தப் பட்டைக்குள்ள காத்தடிக்கிற பையே இல்லை. பச்சை லைட் அடிச்சு, தோலுக்கு அடியில ரத்தம் வந்து போற அலையைப் பார்த்து ஒரு கணக்கு போடுது. அது ஊகம், அளவு இல்லை. ஊகத்துக்கு ஒரு தொடக்கப் புள்ளி வேணும்னுதான் கஃப் வச்சு கேலிபரேஷன் பண்ணச் சொல்றான். துடிப்புக்குத் துடிப்பு நிஜமா அளக்கணும்னா விரல்ல மாட்டுற குட்டி கஃப் இருக்கு, 1970கள்லயே செக்கோஸ்லோவாக்கியால பெனாஸ்னு ஒருத்தர் செஞ்சது. அது ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கும், ஆன்லைன் ஆஃபர்ல வராது.

மருதமலை88
வலி எதுவும் இல்லை. குறட்டை விட்டுத் தூங்குறார். வயசு 67. கேலிபரேஷன் எல்லாம் பண்ணியாச்சு சார்.

நைட் ஷிப்ட்
குறட்டையா? அதுதான் காரணம்! தூக்கத்துல மூச்சு அடைச்சு அடைச்சு வந்தா ராத்திரி பிபி இறங்காது. நடுவுல மூச்சு நின்னு திடுக்குனு முழிக்கிறாரான்னு அம்மாகிட்ட கேளுங்க. எனக்கே அப்படித்தான் கண்டுபிடிச்சாங்க.

வெண்டைக்காய்
இருக்கலாம். ஆனா அந்த 165 நிஜம்தானான்னு முதல்ல பாப்போம். தூங்குறப்ப கை எங்க இருக்கு? கட்டிலுக்கு வெளிய தொங்குதா? மணிக்கட்டு இதயத்துக்கு 10 செமீ கீழ இருந்தாலே அங்க 7, 8 பாயிண்ட் கூடும்.

பாதரசப் பிரியன்
இந்த லைட்டு, பட்டை எல்லாம் ஏமாத்து வேலை. பாதரச மிஷின் ஒண்ணுதான் உண்மை பேசும். எங்க தெரு டாக்டர் இன்னும் அதைத்தான் வச்சிருக்கார்.

சர்வீஸ் ராஜா
உண்மை பேசுமாம். காது மந்தமா இருக்கிற ஆள் ஸ்டெத் வச்சா அது எந்த உண்மையைப் பேசும்? பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் போட்ட மினமாட்டா ஒப்பந்தத்துல 2020ஐக் கெடுவா வச்சு நிறுத்தச் சொன்ன பட்டியல்ல பாதரச பிபி மிஷினும் இருக்கு. வீட்ல உடைஞ்சா யார் கூட்டி அள்றது?

பாதரசப் பிரியன்
முப்பது வருஷமா உடையலை. உங்க டிஜிட்டல் மூணு வருஷத்துல செத்துடுது.

பச்சை லைட்
நீங்க ரெண்டு பேரும் வெளிய போய் சண்டை போடுங்க. பட்டை மொத்தமா வேஸ்ட் இல்லை, போக்கு தெரியும். ஆனா ஆப்பிளே 2025ல அவங்க வாட்ச்ல கொண்டு வந்த வசதில நம்பர் காட்டலை. 30 நாள் தரவைப் பார்த்து 'ரத்த அழுத்தம் அதிகமா இருக்கலாம்'னு சொல்றதோட நிறுத்திக்குது. அதுல இருந்தே புரிஞ்சுக்கலாம். மருதமலை, கேலிபரேஷன் யார் பண்ணாங்க, எப்போ?

மருதமலை88
நான்தான். ஆஃபீஸ்ல கஃப் மிஷின் இருக்கு, என் கைல கட்டி செட் பண்ணி, சார்ஜ் ஏத்தி ரெடியா ஊருக்கு எடுத்துட்டுப் போனேன். அப்பாவுக்கு ஆப் எல்லாம் தெரியாதுல்ல.

பச்சை லைட்
😂😂 ஐயா சாமி.

சர்வீஸ் ராஜா
இதுக்குத்தான் பொட்டிக்குள்ள ஒரு தாள் வைக்கிறான். உங்க ரத்தக் குழாய் வேற, அவர் குழாய் வேற. ஒரு வாரமா உங்க பிபியை அடிப்படையா வச்சு அவருக்கு ஜோசியம் பார்த்திருக்கு. பகல்ல வந்த 128ம் நம்ப முடியாது, ராத்திரி 165ம் நம்ப முடியாது.

மருதமலை88 (காலை 7:20)
பக்கத்து வீட்ல கஃப் மிஷின் வாங்கி அப்பாவுக்குப் பார்த்தோம். 156/90. அடுத்து 148/86. இது உண்மையா?

ஓய்வு நர்ஸ்
காலைல எழுந்ததும் ஓடி வந்து பார்த்தீங்களா? சிறுநீர் கழிச்சிட்டு, காபி குடிக்கிறதுக்கு முன்னாடி, முதுகு சாஞ்சு, கால் தரைல பட, அஞ்சு நிமிஷம் சும்மா உக்காரணும். கை மேஜை மேல இருக்கணும். அளக்கிறப்ப அம்மா 'எவ்ளோ, எவ்ளோ'ன்னு கேட்டு அப்பா பதில் சொன்னாலே ஏறிடும். இன்னொண்ணு, மேல் கைச் சுற்றளவு எவ்வளவு? தையல் டேப் வச்சுப் பாருங்க. மிஷினோட வர்ற கஃப் அனேகமா 22 டு 32 செமீ கைக்குத்தான். கை பெருசா இருந்து கஃப் சின்னதா இருந்தா நிஜத்தை விடக் கூடக் காட்டும்.

மருதமலை88
35 செமீ மேடம். அம்மா கேட்டாங்க. சட்டைக் கை மேலயே சுத்தினோம்.

ஓய்வு நர்ஸ்
பெரிய கஃப் தனியா வாங்குங்க. காலைல ரெண்டு, ராத்திரி ரெண்டு, ஒரு நிமிஷம் இடைவெளி விட்டு, ஏழு நாள் எழுதி வைங்க. முதல் நாளை விட்டுட்டு மிச்சத்துக்கு சராசரி. வீட்டுக் கணக்குல 135/85க்கு மேல போனா டாக்டர்கிட்ட காட்டணும். குறட்டையையும் சொல்லுங்க. ராத்திரி பிபி தெரியணும்னா 24 மணி நேர மிஷின் கட்டுவாங்க, அரை மணிக்கு ஒரு தடவை தானா ஊதும்.

கல்யாணி அக்கா
அப்பளத்தையும் சொல்லுங்க டாக்டர்கிட்ட.

மருதமலை88 (நாலு நாள் கழிச்சு)
டாக்டர் 24 மணி நேர மிஷின் கட்டி விட்டார். ராத்திரி பூரா ஊதி எழுப்பிட்டே இருந்துச்சுன்னு அப்பா என்கிட்ட பேச மாட்டேங்கிறார். ரிப்போர்ட் நாளைக்கு. நன்றி எல்லாருக்கும்.

நைட் ஷிப்ட்
ரிப்போர்ட் என்ன சொல்லுச்சு?

நைட் ஷிப்ட் (ரெண்டு வாரம் கழிச்சு)
மருதமலை? இருக்கீங்களா?

திண்டுக்கல் பூட்டு
எனக்கும் இதே பிரச்சனை, மாமியாருக்குக் கட்டினது. என்ன பண்ணலாம்?

வெண்டைக்காய்
எந்தப் பட்டை, வயசு என்ன, யார் கைல கேலிபரேட் பண்ணீங்க?