பெட்டி வந்தது, ஊசி வரவில்லை

கேள்வி (எடிசன் மருமகள்):
2024 டிசம்பரில் இங்கே நியூ ஜெர்சியில் ஒரு புற்றுநோய் மையம் அனுப்பிய பெட்டி, உடைந்து காலியாகப் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்த ஜெர்மானியம்-68 என்ற கதிரியக்கப் பொருள் கொண்ட ஊசியைத் தேடித்தான், அப்போது இங்கே இரவு வானில் பலர் பார்த்ததாகச் சொன்ன மர்ம ட்ரோன்கள் பறந்தன என்று என் மாமியார் இன்றும் சாதிக்கிறார். அது அவ்வளவு ஆபத்தானதா?

பதில் (ஸ்கேன் அறைக்காரன்):
புற்றுநோயைக் கண்டறிய உதவும் பெட் (PET) ஸ்கேன் அறையில் வேலை பார்க்கிறேன். ஊசி என்றதும் நோயாளிக்குக் குத்துவது என்று நினைக்காதீர்கள். கருவி சரியாக அளக்கிறதா என்று பார்க்க உதவும் மெல்லிய குச்சி அது. அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், 271 நாள். வலு குறைந்ததும் திருப்பி அனுப்புவோம். பெட்டியில் ஒட்டிய மஞ்சள் எச்சரிக்கைச் சீட்டில் ஓர் எண் இருக்கும். ஒரு மீட்டர் தள்ளி நின்றால் எவ்வளவு கதிர்வீச்சு என்பதை அது சொல்லும். கூரியர்காரர் அதைப் படிக்கிறாரா என்பது வேறு கதை! அந்தக் குச்சி சில நாட்களில் கிடைத்துவிட்டது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரியக் கூடாதுதான். ஆனால் ஊரைக் காலி செய்யும் சரக்கு அல்ல.

பதில் (பழைய வாசகர்):
உண்மையான பயம் 2013 டிசம்பரில் மெக்சிகோவில். டிஹுவானா நகர மருத்துவமனையில் புற்றுநோய் சிகிச்சைக்குப் பயன்பட்ட கோபால்ட்-60 என்ற பழைய கதிரியக்கப் பொருள், சுமார் 3,000 கியூரி (கதிரியக்க அளவின் அலகு), லாரியோடு திருடு போனது. இரண்டு நாள் கழித்து, காப்புக் கவசத்துக்கு வெளியே கிடந்தது. திருடர்களுக்கு வேண்டியது லாரி மட்டுமே போலும்.

எடிசன் மருமகள்:
மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். “அப்படியானால் ட்ரோன் எதைத் தேடியது?” என்கிறார்.