சியாட்டிலிலிருந்து கிளீவ்லாந்துக்கு, ஒரு ஜாடி ஈஸ்ட்டுடன்

அமெரிக்காவின் மேற்குக் கோடியிலிருந்து பிறந்தகம் இருக்கும் ஊருக்கே குடிபெயர்ந்தவர்கள் லாரி வாடகையையும் வழியில் தங்கும் செலவையும் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். வீட்டில் பீர் தயாரிக்கும் பழக்கமுள்ள என்னைப் போன்றவர்களுக்கு அந்தக் கவலைகளோடு இன்னும் சில சேர்ந்துகொள்கின்றன. ஆனால், சியாட்டிலிலிருந்து ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்துக்கு வந்த ஏறக்குறைய 3,900 கிலோமீட்டர் பயணத்தில் முன்பின் தெரியாதவர்கள் என்னிடம் பேச்சுக் கொடுத்ததெல்லாம் பீர் தயாரிக்கும் சாமான்களை முன்னிட்டுத்தான். அந்தச் சந்திப்புகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதல் சந்திப்பு வீட்டைக் காலி செய்யும் முன்பே நிகழ்ந்தது. சாமான்களை ஏற்றிச் செல்லும் நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் எங்கள் கார் நிறுத்தும் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அழுத்தத்தில் அடைத்த கரியமில வாயு சிலிண்டர், அடுப்புக்கான புரோபேன் உருளை, திரவம் நிரம்பிய பாத்திரங்கள் என ஒவ்வொன்றாகச் சுட்டி, இவற்றை லாரியில் ஏற்ற முடியாது என்று பணிவாகச் சொன்னார். அது நியாயமான விதிதான். வெயிலில் நாள்கணக்கில் ஓடும் மூடிய லாரிக்குள் அவை இருப்பதை நானும் விரும்பமாட்டேன். அஞ்சலில் அனுப்பவும் வழியில்லை. அமெரிக்க அஞ்சல் துறை மதுவை ஏற்பதில்லை. ஆகவே, பாட்டிலில் இருந்ததை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, கண்ணாடிக் குடுவைகளை விற்பதாக அறிவிப்புக் கொடுத்தேன்.

அதைப் பார்த்து வந்தவர் எண்பதை நெருங்கிய ஒரு பெரியவர். குடுவைகளை வாங்கத்தான் வந்தார். ஆனால் பேசிவிட்டுப் போக மதியம் ஆகிவிட்டது. 1933-இல் மதுவிலக்கு நீங்கியபோது வீட்டில் ஒயின் தயாரிக்க மட்டும் அனுமதி கிடைத்து, பீர் விட்டுப்போனதால், எழுபதுகளில் இளைஞனாக இருந்த அவர் செய்துகொண்டிருந்தது சட்டப்படி குற்றம். அதற்கான மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாறு டின்கள் கடையில் வெளிப்படையாகவே விற்றன என்று சொல்லிச் சிரித்தார். அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்ட சட்டம் மறு ஆண்டு பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த பிறகுதான், தனி ஆள் ஆண்டுக்கு 100 காலன், இரண்டு பெரியவர்கள் உள்ள வீடு 200 காலன் என்ற வரம்புக்குள் தீர்வை இல்லாமல் தயாரிக்க முடிந்தது. நான் கிளீவ்லாந்துக்குப் போவதாகச் சொன்னதும் அந்த ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்டார். என் பெற்றோர் இருக்கிறார்கள் என்றும், அதே 1978-இல் தொடங்கிய தியாகராஜ ஆராதனை விழா இருக்கிறது என்றும் சொன்னேன். முதல் காரணம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. புறப்படும்போது, ஈரக்கையோடு இந்தக் குடுவைகளைத் தூக்காதே, உடைந்தால் மணிக்கட்டு நரம்பு போய்விடும் என்று எனக்கு அறிவுரை சொல்லிவிட்டு, அவற்றையே தம் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

எங்களுடைய காரில் மிஞ்சியவை 57 லிட்டர் கொள்ளளவுள்ள எவர்சில்வர் பாத்திரமும், பனிப்பெட்டிக்குள் பீரைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் ஒரு ஜாடியும். நான்கு டாலர், ஐந்து டாலர் கொடுத்தால் எந்த ஊரிலும் புதுப் பொட்டலம் கிடைக்குமே என்று என் கணவர் கேட்டார். கேள்வி சரியானதுதான். ஒரு தயாரிப்பின் அடியில் படியும் கசட்டை எடுத்து அடுத்ததில் இட்டு, பல தலைமுறையாக நான் வளர்த்தது என்ற பெருமிதத்தைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை.

செப்டம்பர் தொடக்கம் ஆகையால், நேரே 90-ஆம் நெடுஞ்சாலையில் போகாமல் எலன்ஸ்பர்க்கில் தெற்கே திரும்பி யாக்கிமா பள்ளத்தாக்குக்குப் போனோம். அமெரிக்காவில் விளையும் ஹாப்ஸில், அதாவது பீரில் சேர்க்கும் கொடிக்காயில், பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. ஆகஸ்ட் இறுதியிலிருந்து செப்டம்பர் முடிய அறுவடை நடக்கும். தோட்டத்தின் மேற்பார்வையாளர் மெக்சிகோவைச் சேர்ந்தவர். எங்களை உள்ளே அழைத்துப் போய், பதினெட்டு அடி உயரக் கம்பிப் பந்தலிலிருந்து கொடிகளைக் கயிற்றோடு சேர்த்து வெட்டி லாரியில் சாய்ப்பதைக் காட்டினார். காய் ஒன்றைப் பறித்து நகத்தால் இரண்டாகப் பிளந்து நீட்டினார். பச்சை இதழ்களின் அடியில் மஞ்சள் மகரந்தம் போலப் படிந்திருந்த பொடி விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. எலுமிச்சைத் தோலும் ஈரப் புல்லும் சேர்ந்த வாசனை. பீருக்குக் கசப்பும் மணமும் கொடுப்பது அந்தப் பொடிதான்.

அவர் கையிலிருந்த கயிற்றைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. தொட்டுப் பார்த்தேன், தேங்காய் நார்க் கயிறேதான். இலங்கையிலிருந்து கட்டுக் கட்டாக வருகிறது, ஆண்டுதோறும் வசந்தத்தில் ஒவ்வொரு செடிக்கும் புதிதாகக் கட்டுகிறோம், சொரசொரப்பாக இருப்பதால் கொடி பிடித்து ஏறும், அறுவடைக்குப் பின் கொடியோடு மக்கியும் போகும் என்று அவர் விளக்கினார். என் பாட்டி வீட்டுக் கிணற்றில் இதே கயிறு இருந்தது என்று சொன்னேன். அவருக்கு அது அவ்வளவு வியப்பாக இல்லை. இலங்கை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு உலர்த்தும் கூடத்தில், களத்தில் நெல் பரப்பியது போல இடுப்பளவுக்குக் குவித்திருந்த காய்களைக் காட்டினார். பறிக்கும்போது எடையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் நீராக இருப்பது, அடியிலிருந்து வரும் வெப்பக் காற்றில் பத்து விழுக்காடு அளவுக்குக் குறைந்த பிறகே மூட்டை கட்டுகிறார்கள். ஒரு கைப்பிடி உலர்ந்த காயைக் காகிதப் பையில் போட்டுக் கொடுத்தார், காசு வாங்கிக்கொள்ளவில்லை.

மொன்டானாவில் தங்கிய விடுதியை ஒரு குஜராத்திப் பெண்மணி நடத்திவந்தார். அறையில் குளிர்பதனப் பெட்டி இல்லை. பனிக்கட்டி உருகிவிட்டதால், ஜாடியை இரவு மட்டும் அவருடைய சமையலறையில் வைக்க முடியுமா என்று கேட்டேன். மூடியைத் தளர்த்தியே வைத்திருந்த அந்தச் சாம்பல் நிறக் குழம்பை அவர் தூக்கிப் பார்த்து, "இது சைவம்தானே, பென்?" என்று கேட்டார். பென் என்றால் குஜராத்தியில் சகோதரி. அது மது சம்பந்தப்பட்டதா என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. ஈஸ்ட் ஒரு பூஞ்சை, காளான் இனம் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் பழைய ஆங்கிலேய முறையில் பீரைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்ப்பதுண்டு, நான் சேர்ப்பதில்லை என்றும் சொல்லிவைத்தேன். அவர் சற்று யோசித்து, ஜாடியை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, கீழ்த் தட்டில் தனியாக வைத்தார். காலையில் ஜாடியோடு தேப்லா ரொட்டிப் பொட்டலம் ஒன்றும் கிடைத்தது. பயணத்தில் நாங்கள் சாப்பிட்டவற்றில் அதுதான் உருப்படியான உணவு.

தெற்கு டக்கோட்டாவில், 1930-களிலிருந்து இலவசக் குளிர்நீர் என்று பலகை வைத்தே பெயர் வாங்கிய வால் டிரக் (Wall Drug) என்ற கடையில் எல்லாரையும் போல நாங்களும் தண்ணீர் குடித்தோம். மிசூரி ஆற்றைக் கடக்கும் சேம்பர்லினில் ஒரு சீக்கிய லாரி ஓட்டுநர், காரின் பின்கண்ணாடி வழியாகத் தெரிந்த பாத்திரத்தைப் பார்த்துவிட்டு, எந்த குருத்வாராவுக்கு லங்கர் (எல்லாருக்குமான இலவச உணவு) சமைக்கப் போகிறீர்கள் என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். உண்மையைச் சொன்னதும் வயிறு குலுங்கச் சிரித்தார். ஆனாலும் பாத்திரத்தின் அடிக்கனத்தைத் தட்டிப் பார்த்து, பருப்பு அடிப்பிடிக்காது என்று சான்றிதழ் கொடுத்தார்.

கிளீவ்லாந்தில் அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. நாங்கள் குடிவந்ததே அதற்காகத்தான். ஜாடியைக் கண்டதும், "ஏண்டி, சாராயம் காய்ச்சவா இவ்வளவு தூரம் வந்தே?" என்று கேட்டார். தயிருக்கும் இட்லி மாவுக்கும் பக்கத்தில் அது இருக்கக் கூடாது என்பது அவருடைய உத்தரவு. அப்பாவின் அணுகுமுறை வேறு. எஃகு ஆலையின் ஆய்வகத்தில் காலம் கழித்தவர், மதுவைத் தொடாதவர். சியாட்டிலில் சீடார், டோல்ட் ஆறுகளின் மலைநீர் மிக மென்மையாக இருந்தது, இங்கே ஈரி ஏரி நீரில் சுண்ணாம்பும் காரத்தன்மையும் கூடுதல், அதனால் வெளிர்நிற பீருக்கு மால்ட்டை ஊறவைக்கும்போது பி.எச். அளவு 5.2-க்கும் 5.6-க்கும் இடையில் நிற்காது என்று நான் புலம்பியதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், மறுநாள் காலை மாநகரக் குடிநீர் அறிக்கையை அச்செடுத்து, சிவப்பு மையால் கோடிட்டு, எத்தனை மில்லிலிட்டர் லாக்டிக் அமிலம் சேர்க்க வேண்டும் என்று ஓரத்தில் கணக்குப் போட்டுக் கொடுத்தார். லாக்டிக் அமிலம் தயிரில் இருப்பதுதான் என்று தெரிந்ததும் அம்மாவின் எதிர்ப்பு கொஞ்சம் இறங்கியது; ஜாடி மட்டும் கீழ்த் தட்டிலேயே இருந்தது.

கடைசியில் அமிலமே தேவைப்படவில்லை. கருக வறுத்த மால்ட் தானாகவே அமிலத்தன்மை உடையது. காரத்தன்மையுள்ள நீரோடு சேரும்போது அளவைச் சமன்படுத்திவிடும். ஆகவே கறுப்பு போர்ட்டர் வகையைத் தயாரித்தேன். அப்பா தம் கருவியால் அளந்து 5.4 என்று நோட்டில் எழுதிக்கொண்டார். யாக்கிமாவில் கிடைத்த காய்கள் கொதியின் இறுதியில் போயின. ஊறி வடித்த பார்லிச் சக்கையைப் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குக் கொடுக்கப் போன என்னை அம்மா தடுத்து, இரண்டு கிண்ணம் எடுத்துக் காயவைத்து, அரைத்து, அடை மாவில் சேர்த்தார். இரண்டு தடவை சலித்தும் உமி பல்லில் மாட்டுகிறது, அடையும் முறுகவில்லை என்பது அவருடைய குறை; அடுத்த முறை பச்சரிசியைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கப் போகிறாராம்.