செபாங் 2015: பழி யாருடையது? ரோசி ஓய்வைத் தள்ளிப்போட்டது சரியா?

கெலமங்கலத்தான்:
2025 செப்டம்பரில் ஜப்பானின் மொட்டேகியில் மோட்டோஜிபி மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் மார்க் மார்க்கெஸ் தம் ஒன்பதாவது உலகப் பட்டத்தை உறுதி செய்து, வாலன்டினோ ரோசியின் எண்ணிக்கையைத் தொட்டுவிட்டார். அதிலிருந்து எங்கள் ஓசூர்ப் பட்டறைகளில் பழைய வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்திருக்கிறது. ரோசிக்கு வரவேண்டிய பத்தாவது பட்டத்தை 2015இல் மார்க்கெஸ் கெடுத்தார் என்பதே பெரும்பாலோர் கட்சி. ரோசி அதைத் தம் வாயால் கெடுத்துக்கொண்டார் என்பது என் கட்சி.

அந்த ஆண்டு மலேசியாவின் செபாங் பந்தயத்துக்கு முந்தைய வியாழக்கிழமை, பத்திரிகையாளர்கள் முன்னிலையில், முந்தைய பந்தயமான ஆஸ்திரேலியாவின் பிலிப் தீவில் மார்க்கெஸ் தம்மை வேண்டுமென்றே இழுத்தடித்து, பட்டத்துக்குத் தம்மோடு போட்டியிட்ட யமஹா அணித்தோழர் லொரென்சோவுக்கு உதவினார் என்று ரோசி குற்றம் சாட்டினார். ஆனால் அந்தப் பந்தயத்தின் கடைசிச் சுற்றில் லொரென்சோவை முந்தி வென்றவர் இதே மார்க்கெஸ்தான். உதவ நினைப்பவர், நண்பருக்கு முதலிடத்தால் கிடைக்கவிருந்த 25 புள்ளியை இரண்டாமிடத்தின் 20 ஆக்குவாரா? பொதுவில் அவமானப்பட்ட 22 வயது இளைஞர் மூன்று நாள் கழித்து வம்புக்கு நின்றதில் வியப்பென்ன இருக்கிறது?

பாலக்கோடு 46:
அண்ணன் பிலிப் தீவோடு நிறுத்திக்கொண்டது வசதியாக இருக்கிறது. கடைசிப் பந்தயமான வாலென்சியாவைப் பார்ப்போம். ஆண்டு முழுவதும் இண்டு இடுக்கில் நுழைந்து முந்திய மார்க்கெஸ், அன்று முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்று வரை லொரென்சோவின் பின்சக்கரத்தை ஒட்டியே ஓட்டினார். ஒருமுறைகூட முந்த முயலவில்லை. ஹோண்டா ஓட்டுநர், யமஹா ஓட்டுநருக்கு மெய்க்காப்பாளர் போல வந்தார். ரோசியோ செபாங்கில் மார்க்கெஸை ஓரத்துக்குத் தள்ளியதற்கான தண்டனையால் வரிசையின் கடைசியிலிருந்து, 26ஆம் இடத்திலிருந்து கிளம்பி நான்காவதாக வந்தார். ஐந்தே புள்ளியில், 330க்கு 325 என்று, பட்டம் போயிற்று. இதைத் தற்செயல் என்று என்னால் ஏற்க முடியாது.

கெலமங்கலத்தான்:
கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம், தம்பி. மார்க்கெஸ் அன்று முந்தி வென்றிருந்தால் லொரென்சோவுக்கு 20 புள்ளி, மொத்தம் 325. ரோசிக்கும் 325. புள்ளி சமமானால் அதிக வெற்றி பெற்றவருக்கே பட்டம். அந்த வெற்றி இல்லாமலேயே லொரென்சோவுக்கு ஆறு வெற்றிகள், ரோசிக்கு நான்கு. ஆக, மார்க்கெஸ் முந்தியிருந்தாலும் கோப்பை லொரென்சோ வீட்டுக்குத்தான் போயிருக்கும்.

பாலக்கோடு 46:
மார்க்கெஸின் ஹோண்டா அணித்தோழர் பெத்ரோசாவை மறந்துவிட்டீர்கள். கடைசிச் சுற்றுகளில் அவர் பின்னாலிருந்து பாய்ந்து வந்து மார்க்கெஸை முந்தினார். ஒருவரையும் முந்தாமல் வந்த மனிதர் அந்த ஒருவரை மட்டும் உடனே திருப்பி முந்தினார். அந்த உரசலில் லொரென்சோவுக்கு மூச்சுவிட இடைவெளி கிடைத்தது. ஹோண்டாக்காரர் இருவருமே லொரென்சோவைத் தாண்டியிருந்தால் அவருக்கு மூன்றாமிடத்தின் 16 புள்ளிதான், பட்டம் ரோசிக்கு. உங்கள் கணக்கு ஒரு வண்டியோடு நின்றுவிட்டது.

பர்கூர் வாத்தியார்:
எங்கள் பக்கத்து எருது விடும் விழாவில் காளைகள் ஒவ்வொன்றாகத்தான் ஓடும். எந்தக் காளை குறித்த தூரத்தைக் குறைந்த நேரத்தில் கடக்கிறது என்று கடிகாரம் சொல்லிவிடும். தோற்ற காளையின் சொந்தக்காரர் இன்னொரு காளையைக் குறை சொல்ல வழியே இல்லை. இருபதுக்கு மேற்பட்ட வண்டிகள் ஒரே வளைவுக்குள் நுழையும் விளையாட்டில் அந்தத் தெளிவை எதிர்பார்க்கக் கூடாது.

நான் இருவருக்கும் 2006ஐ நினைவூட்டுகிறேன். அப்போதும் ரோசி ஐந்து புள்ளியில்தான், 252க்கு 247 என்று, நிக்கி ஹேடனிடம் பட்டத்தை இழந்தார். எஸ்டோரிலில் ஹேடனை அவருடைய சொந்த அணிக்காரரான பெத்ரோசாவே இடித்து வீழ்த்தியிருந்தார். அந்தப் பந்தயத்தில் ரோசி ஒரு விநாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு வித்தியாசத்தில் டோனி எலியாஸிடம் தோற்றார். அடுத்து வாலென்சியாவில் ரோசி தாமே வழுக்கி விழுந்தார். பழி சொல்ல எதிரில் ஆளில்லாததால் அந்த ஐந்து புள்ளியை யாரும் இன்று பேசுவதில்லை. 2015இன் ஐந்து புள்ளிக்கு மட்டும் பத்தாண்டாக வழக்கு நடக்கிறது.

செபாங் ஏழாவது சுற்றைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 14ஆம் வளைவில் உள்பக்கம் இருந்த ரோசி வண்டியைச் சாய்க்காமல், வேகத்தைக் குறைத்து, மார்க்கெஸைத் திரும்பிப் பார்த்தபடியே ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். உதைத்தார் என்பது நிரூபணமாகவில்லை. வேண்டுமென்றே அகலமாக ஓட்டினார் என்றே நடுவர்கள் முடிவு செய்து மூன்று தண்டனைப் புள்ளி கொடுத்தார்கள். மிசானோவில் வாங்கியிருந்த ஒன்றும் சேர்ந்து நான்கானதால்தான் வாலென்சியாவில் வரிசையின் கடைசி இடம். அஞ்செட்டி மலைப்பாதையில் இதையே வீரமென்று செய்துகாட்டும், ரோசியின் எண்ணான 46ஐ வண்டியில் ஒட்டிய பையன்களுக்கு இது தெரியாது.

அரூர் வாசகி:
பழியைப் பற்றி நிறைய எழுதிவிட்டீர்கள். தலைப்பில் உள்ள ஓய்வை யாரும் தொடவில்லை. 2015லேயே ரோசி விலகியிருக்க வேண்டும் என்று சொல்பவர்கள், 2016இல் அவர் ஹெரெஸிலும் கத்தலூன்யாவிலும் வென்று பட்டியலில் இரண்டாவதாக முடித்ததை மறைக்கிறார்கள். 2017 அசென் வெற்றிக்குப் பிறகு ஒன்றும் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் 42 வயது வரை, 2021 நவம்பர் வரை ஓட்டினார். பிடித்த வேலையை உடம்பு விடும்வரை செய்பவரை அவமானப்பட்டவராகப் பார்ப்பது என்ன நியாயம்?

ஆஸ்திரேலிய வீரர் கேசி ஸ்டோனர் இதற்கு நேர்மாறு. 2011இல் பட்டம் வென்று, மறு ஆண்டு மே மாதம் லெ மான்ஸில் ஓய்வை அறிவித்து, 27 வயதில் போய்விட்டார். 2011 ஹெரெஸில் மழையில் ரோசி அவர்மேல் விழுந்து, பிறகு தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் மன்னிப்புக் கேட்க வந்தபோது, உங்கள் ஆசை திறமையை மிஞ்சிவிட்டது என்று முகத்துக்கு நேரே சொன்னவரும் அவர்தான். மனதில் இருந்ததை அன்றே சொல்லிவிட்டதால் அவரால் எளிதாக விலக முடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

கெலமங்கலத்தான்:
அப்படியானால் ரோசியும் வியாழக்கிழமையே சொல்லிவிட்டாரே, அம்மா. பிறகும் ஏன் விடவில்லை? 2016 கத்தலூன்யாவில், லூயிஸ் சலோம் என்ற சக வீரர் இறந்த துக்கத்தில், இருவரும் கைகொடுத்தார்கள். 2018 அர்ஜென்டினாவில் மார்க்கெஸ் ரோசியைத் தள்ளி விழவைத்ததும் பழையபடி ஆயிற்று. மன்னிப்புக் கேட்கப் போனவரை யமஹா கூடாரத்து வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

பாலக்கோடு 46:
அர்ஜென்டினாவை நீங்களே எடுத்தது நல்லதாயிற்று. அன்று மார்க்கெஸுக்கு 30 விநாடி தண்டனை கிடைத்ததே, அதற்கும் ரோசியின் வாய்தான் காரணமா?

அரூர் வாசகி:
இல்லை. அன்று தவறு முழுக்க மார்க்கெஸுடையது. ஆனால் அன்றைய தவறு மூன்று ஆண்டுக்கு முந்தைய வாலென்சியாவுக்குச் சாட்சி ஆகாது, தம்பி.