மோட்டார் ரூம் மேல இருந்து கிணத்துல குதிக்கிறான். தடுக்கறதா, கத்துக்கொடுக்கறதா?

குப்பனூர் அம்மா:

வணக்கம்ங்க. நாங்க குப்பனூர் பக்கம், சேர்வராயன் மலை அடிவாரம். பையனுக்கு 12 வயசு. லீவு விட்டதில இருந்து மத்தியானம் சாப்பிட்டதும் ஆளைக் காணோம். வரும்போது தலையில பாசி வாடை. ஒத்தக்காலில நொண்டியடிச்சுக் காதுத் தண்ணியை வடிச்சுக்கிட்டே "பைப்புல குளிச்சேன்"ங்கறான்.

நேத்து பின்னாடியே போனேன். பங்காளி வீட்டுக் கிணறு, ஆறு பசங்க. இவன் பைப்பைப் பிடிச்சு மோட்டார் ரூம் மொட்டை மேல ஏறினான். ஏறினவன் தண்ணியைக் குனிஞ்சு பார்க்கலைங்க, கூட்டாளிங்க பார்க்கறாங்களான்னு திரும்பிப் பார்த்தான். குதிச்சுட்டான். தலை மேல வர்ற வரைக்கும் தென்னையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். கத்தினா மேல நிக்கற அடுத்த பையன் மிரண்டு வழுக்கிடுவானோன்னு வாயைத் திறக்கலை.

அவங்கப்பா லாரியில போறவர், மாசத்துல நாலு நாள்தான் வீட்டுல. போன்ல "நாலு போடு, நிறுத்திடுவான்"ங்கறார். அடிச்சா எனக்குத் தெரியாத கிணத்துக்குப் போவான். எனக்கு நீச்சல் தெரியாது. அவன் மீனாட்டம் நீந்தறதைப் பார்க்க சந்தோஷமும்தான். என்ன செய்யட்டும்?

கன்னங்குறிச்சிக்காரன்:

தங்கச்சி, நானும் கிணத்துல வளர்ந்தவன். எட்டு வயசுல எங்க தாத்தா முதுகுல சுரைக்குடுக்கையைக் கட்டி இறக்கிவிட்டார். நீச்சலை நிறுத்தாதீங்க.

ஆனா அங்க இருந்து அவன் முதல்ல எப்போ குதிச்சான்னு கேளுங்க. ஐப்பசி, கார்த்திகைன்னு சொன்னா, அப்ப மழைத் தண்ணி மேல நின்னிருக்கும். இப்ப கோடை. நிக்கற இடம் அதேதான், ஆனா விழற தூரம் கூடிப்போச்சு, கீழ ஆழம் குறைஞ்சுபோச்சு. பசங்களுக்கு இது உறைக்காது, போன தடவை ஒண்ணும் ஆகலையே, அது போதும் அவங்களுக்கு. 20 அடி உயரத்துல இருந்து விழுந்தா தண்ணியைத் தொடறப்ப வேகம் மணிக்கு 39 கிலோமீட்டர். 30 அடின்னா 48.

எங்க செட்டுல ஒருத்தன் கார்த்திகை பூரா தலைகீழா டைவ் அடிச்சான். பங்குனியில அதே டைவ். உள்ள பாறைத் திட்டு மேல வந்திருந்தது யாருக்கும் தெரியலை. கத்தலை, கையாட்டலை, குப்புற மிதந்தான். மூச்சடக்கிக் காட்டறான்னு நினைச்சு நாங்க எண்ண ஆரம்பிச்சோம். எழுபது வரைக்கும் சத்தமா எண்ணினது நான். கழுத்தெலும்பு. உயிரோட இருக்கான், கட்டில்லயே. இந்தப் பொங்கலுக்கு நான்தான் போய் ஷேவ் பண்ணிவிட்டேன்.

கயித்துல கல்லைக் கட்டி இறக்கி நாலு மூலையிலயும் அளந்து பாருங்க. அவனையே அளக்கச் சொல்லுங்க. தலைகீழ் டைவ் மட்டும் எந்த மாசத்துலயும் வேண்டாம்.

ஏற்காடு தம்பி:

அக்கா, பூட்டி வைக்காதீங்க. எங்க ஊர்ப் பசங்களுக்குக் கிணத்துக்குப் பதிலா மலைரோடு. 20 கொண்டை ஊசி வளைவையும் சைக்கிள்ல யார் முதல்ல இறங்கறதுன்னு போட்டி. விடாம பிரேக்கை அழுத்திக்கிட்டே வந்தா ரிம் சூடேறி ரப்பர் தீயற வாடை வரும், அப்புறம் பிடிக்காது. எங்கப்பா என் சைக்கிளைப் பூட்டினார். நான் பக்கத்து வீட்டுச் சைக்கிளை எடுத்தேன், அதுல பின் பிரேக்கே கிடையாது. முழங்கையில 11 தையல்.

சேலம் நர்ஸ்:

அக்கா, கிணத்து மேட்டுல ஒரு லாரி டியூபும் கயிறும் எப்பவும் கிடக்கணும். நீச்சல் தெரியாதவங்க காப்பாத்தக் குதிச்சா ரெண்டு உயிர் போகும், டியூபைத்தான் வீசணும். மூழ்கறவங்க கத்த மாட்டாங்க, வாய் தண்ணிக்குள்ள இருக்கும்போது எப்படிக் கத்த முடியும்?

வெளிய எடுத்ததும் தலைகீழாப் பிடிச்சுச் சுத்தறது, வயித்தை அமுக்கறது ரெண்டும் கூடாது. வாந்தி நுரையீரலுக்குள்ள போயிடும். மூச்சு இல்லைன்னா மூக்கைப் பிடிச்சு வாயோட வாய் வச்சு 2 தடவை ஊதணும், நெஞ்சு நடுவுல 30 தடவை அமுக்கணும், திரும்ப 2, திரும்ப 30. நிறுத்தக் கூடாது. இன்னொருத்தர் 108-க்குப் போன் போடட்டும். நாலைஞ்சு நிமிஷத்துல மூளை பாதிக்க ஆரம்பிச்சுடும், ஆம்புலன்ஸ் வரட்டும்னு காத்திருக்க நேரம் இல்லை. தலை அடிபட்டிருந்தா தலையையும் உடம்பையும் ஒரே நேரா வச்சுத் தூக்குங்க, கழுத்தைத் திருப்பாதீங்க.

குப்பனூர் அம்மா:

எல்லாருக்கும் நன்றிங்க. அண்ணா, நீங்க எண்ணினதைப் படிச்சுட்டு ராத்திரி தூங்கலை. அதை அப்படியே பையனுக்குப் படிச்சுக் காட்டினேன். ஒண்ணும் பேசலை, "அந்த மாமா இப்ப நடக்கறாரா"ன்னு மட்டும் கேட்டான்.

காலையில என் தம்பியை வரச்சொல்லி, ஆறு பசங்களையும் கூட்டிக்கிட்டுக் கல்லும் கயிறுமாப் போனோம். மேட்டுல இருந்து தண்ணிக்கு 22 அடி. மோட்டார் ரூம் இன்னும் 9 அடி. மூணு மூலையில கல்லு நல்லா இறங்குச்சு. இவன் குதிக்கற கிழக்கு மூலையில 4 அடியிலயே தட்டுச்சு. கயிறு இவன் கையிலதான் இருந்துச்சு. இழுத்துப் பார்த்தான், இன்னொரு தடவை இறக்கினான், அங்கயேதான் தட்டுச்சு.

தம்பி மொட்டைக்குப் போற பைப்பு மேல முள்ளைக் கட்டிட்டான். இனிமே கீழ்ப்படியில இருந்துதான், பெரியவங்க யாராவது மேட்டுல இருந்தாத்தான். மத்தியானம் டியூபைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நான் உட்கார்ந்திருக்கேன். நாளையில இருந்து தம்பி எனக்கும் நீச்சல் கத்துத் தர்றேன்னு சொல்லியிருக்கான். சுரைக்குடுக்கை கிடைக்குதான்னு பார்த்துக்கிட்டிருக்கோம்.