மூளை முடிவெடுத்த பிறகுதான் நமக்குத் தகவலா?

செங்கதிர்:
மனிதனுக்குச் சுயவிருப்பம் கிடையாது என்பது என் கட்சி. 1983இல் அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் வெளியிட்ட சோதனையே போதும். கடிகார முகம் போன்ற திரையில் ஓர் ஒளிப்புள்ளி 2.56 விநாடிக்கு ஒரு சுற்று ஓடும். எதிரே உட்கார்ந்திருப்பவர் தனக்குத் தோன்றும்போது மணிக்கட்டை மடக்க வேண்டும். மடக்கலாம் என்று மனதில் பட்டபோது புள்ளி எங்கே இருந்தது என்று அப்புறம் சொல்ல வேண்டும். அந்த எண்ணம் கை அசைவதற்குச் சுமார் 200 மில்லிவிநாடி முன்னால் வந்தது. மண்டையில் ஒட்டிய மின்வாய்களில் பார்த்தாலோ, கை அசைவதற்குச் சுமார் 550 மில்லிவிநாடிக்கு முன்பே மூளையில் ஏற்பாடு தொடங்கிவிட்டது.

அல்லி:
மணிக்கட்டை இப்போது மடக்கினால் என்ன, கொஞ்சம் கழித்து மடக்கினால் என்ன? காரணமே தேவைப்படாத காரியம் அது. அதை வைத்து, சாட்சி சொல்லலாமா வேண்டாமா என்று இரவெல்லாம் புரண்டு எடுக்கிற முடிவை அளப்பீர்களா? தவிர, 2012இல் ஆரன் ஷூர்கரும் சக ஆய்வாளர்களும் வேறு விளக்கம் தந்தார்கள். மூளையில் எப்போதும் தாறுமாறாக ஏறி இறங்குகிற மின் இரைச்சல் ஒரு வரம்பைத் தாண்டும்போது கை அசைகிறது. அசைந்த தருணங்களை மட்டும் பொறுக்கிச் சராசரி போட்டால், முன்கூட்டியே ஏற்பாடு நடந்த மாதிரி ஒரு மேடு தெரியத்தான் செய்யும். கடைசி நேரத்தில் 'வேண்டாம்' என்று நிறுத்தும் அதிகாரம் நமக்கு உண்டு என்று லிபெட்டே சொன்னாரே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

செங்கதிர்:
அந்த 'வேண்டாம்' மட்டும் வானத்திலிருந்து குதித்ததா? இரைச்சல்தான் கையை அசைத்தது என்றால் நான் அசைக்கவில்லை என்றுதானே அர்த்தம்! குவாண்டம் இயற்பியலில் தற்செயல் உண்டே என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்: தற்செயல் வேறு, சுதந்திரம் வேறு.

வழிப்போக்கன்:
விஞ்ஞானத்தை விடுங்கள். நாளை நடப்பது கடவுளுக்கு இன்றே தெரியும் என்றால் நான் வேறு மாதிரி நடக்க முடியுமா? பதினாறாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவச் சீர்திருத்தவாதி கால்வின் அதைத்தான் முன்குறித்தல் என்றார். அவருக்குச் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆசீவகத் துறவி மற்கலி கோசாலர் எல்லாம் நியதி என்று முடித்துவிட்டார்.

அல்லி:
தெரிந்திருப்பது வேறு, செய்ய வைப்பது வேறு. கிரகணத்தைக் கணித்தவரா அதை உண்டாக்கினார்? கால்வினின் கடவுள் அறிந்ததோடு நிற்கவில்லை, தீர்மானித்தார். இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

செங்கதிர், முடிவுக்குக் காரணம் இருப்பதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. மோசடிப் பத்திரத்தில் துப்பாக்கி முனையில் கையெழுத்துப் போட்டவரையும் பேராசையில் போட்டவரையும் நீதிமன்றம் வேறுவேறாகத்தான் பார்க்கும். இருவர் மூளையிலும் காரணங்கள் ஓடியிருக்கின்றன.

செங்கதிர்:
அந்தப் பேராசையை அவர் தேர்ந்தெடுத்தாரா? மரபணு, வளர்ப்பு எதையும் கேட்டு வாங்கவில்லையே. ஊருக்கு ஆபத்து என்றால் அடைத்து வையுங்கள். 'நல்லா அனுபவிக்கட்டும்' என்பதற்குத்தான் நியாயமில்லை.

அல்லி:
சரி, அவரை எப்போது வெளியே விடுவீர்கள்? எடுத்துச் சொன்னால் கேட்டு மாறுகிறவரா என்று பார்த்துத்தானே? அந்தத் திறன் இருந்தால் போதும், பொறுப்பை அவர் தலையில் வைப்பேன்.

செங்கதிர்:
பொறுப்பு இருக்கட்டும். பழி எதற்கு?

அல்லி:
பழி இல்லாத பொறுப்பா? ஏமாந்தவருக்கு நஷ்டஈடு கட்டச் சொல்வீர்களா, மாட்டீர்களா?

செங்கதிர்:
கட்டச் சொல்வேன். காறித் துப்ப மாட்டேன்.