கோலாலம்பூர் செந்தூல் ரயில் பட்டறை மாதிரி இடங்களால் அக்கம்பக்கத்தாருக்கு வருமானம் வருமா?

செந்தூல்வாசி:
பழைய பட்டறைக் கொட்டகைகளில் இப்போது சந்தை, விருந்து என்று நிகழ்ச்சிகள் நடக்கின்றன. இடிக்காமல் விட்டதே பெரிய விஷயம். ஆனால் அங்கே தலைமுறை தலைமுறையாக எஞ்சின் பழுதுபார்த்தவர்களில் நிறையப் பேர் நம் தமிழர்கள், 1945-இல் நேசநாட்டு விமானங்கள் குண்டு போட்டதும் அதே பட்டறைமேல்தான். இதையெல்லாம் சொல்லிக் காட்டுகிற சுற்றுலாத் தலமாக்கினால் சுற்றுவட்டாரத்துக்குப் பிழைப்பு கிடைக்குமா, இல்லை மண்டப வாடகையோடு சரியா?

கிந்தாக்காரன்:
பேராக்கில் பத்துகாஜா பக்கம் டிடி5 என்கிற ஈயக்கப்பலை, அதாவது வெள்ளீயம் தோண்டி எடுத்த மிதவைக் கப்பலைப் போய்ப் பாருங்கள். 1938-இல் கட்டியது, 4,500 டன், 1982 வரை ஓடியது. தான் தோண்டிய குளத்திலேயே மிதந்துகொண்டு, சங்கிலியில் கோத்த வாளிகளால் மண்ணை அள்ளி, உள்ளேயே அலசி ஈயத்தைப் பிரித்துவிட்டு, மிச்ச மணலைப் பின்னால் கொட்டிக்கொண்டே நகரும். வெளியே நின்று பார்த்தால் துருப்பிடித்த இரும்புதான். வழிகாட்டி உள்ளே கூட்டிப்போய் ஒவ்வொன்றாக விளக்கும்போதுதான் கொடுத்த காசுக்கு மேல் கிடைத்த மாதிரி இருக்கிறது. ஆக, முதலில் உருவாகிற வேலை வழிகாட்டி வேலை. அதை உள்ளூர் இளைஞர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

மாலா_கேஎல்:
சரி, ஆனால் அவசரப்பட்டுக் கணக்குப் போடாதீர்கள். ஜெர்மனியில் எஸ்ஸன் நகரத்து சோல்ஃபெராயின் நிலக்கரிச் சுரங்கம் 1986-இல் மூடியது, யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது 2001-இல். அங்கே அரசாங்கம் நிலத்தை வாங்கி வருடக்கணக்கில் பணம் போட்டது. சுரங்கத்தில் போன அத்தனை வேலையையும் சுற்றுலா திருப்பித் தந்துவிடாது, வேறு தொழிலும் கூடவே வேண்டும். இங்கே செதாப்பாக்கில் ராயல் சிலாங்கூர் நிறுவனத்தின் வழி வேறு, தொழிற்சாலை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆட்களை உள்ளே விட்டு, பியூட்டர் என்கிற வெள்ளீயக் கலவைப் பொருள்கள் செய்வதைக் காட்டி, அங்கேயே விற்கிறார்கள். எனக்கு அதுதான் உறுதியான வருமானமாகப் படுகிறது.

பினாங்குத்தம்பி:
எங்கள் ஜார்ஜ்டவுனில் ஹின் பஸ் டிப்போ 1947-இல் கட்டிய பஸ் பணிமனை. 2014-இல் ஓவியக் கண்காட்சியோடு தொடங்கி இப்போது ஞாயிறு சந்தை வரைக்கும் வந்துவிட்டது, சின்ன வியாபாரிகளுக்குக் கடை போட இடம் இருக்கிறது. செந்தூலிலும் சந்தைக் கடைகளில் ஒரு பங்கை அந்த வட்டாரத்துக் குடும்பங்களுக்குக் குறைந்த வாடகையில் ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள், அப்புறம் பட்டறையில் வேலை பார்த்த பெரியவர்கள் சொல்வதை இப்போதே பதிவு செய்யுங்கள். அவர்களுக்கு வயதாகிறது, கட்டடம் காத்திருக்கும்.

செந்தூல்வாசி:
நன்றி. பட்டறையில் பிட்டராகவோ வெல்டராகவோ வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் இங்கே எழுதுங்கள், நானே நேரில் வந்து பதிவு செய்கிறேன்.