செல்போன் வீடியோ போகப்போக ஒலியை விட்டு நழுவுகிறது: 50 நிமிடப் பேட்டி, இரண்டு கோணம், தனி ரெக்கார்டர்

நிழல்வெட்டு:
வணக்கம். 50 நிமிடப் பேட்டி ஒன்றை பிரீமியர் ப்ரோ எடிட்டிங் மென்பொருளில் மல்டிகேமாக (பல கோணங்களை ஒன்றாக ஒட்டி, மாற்றி மாற்றி) வெட்டுகிறேன். முதல் கோணம் மிரர்லெஸ் கேமரா, விநாடிக்கு 29.97 ஃபிரேம். இரண்டாவது கோணம் செல்போன், அதில் 30 என்று வைத்து எடுத்தது. ஒலி தனி ரெக்கார்டரில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். சீக்வென்ஸ் (வெட்டும் டைம்லைன்) 29.97. தொடக்கத்தில் தட்டிய கைதட்டலை வைத்து மூன்றையும் ஒட்டினேன். அந்த இடத்தில் மூன்றும் கச்சிதம்.

அதற்கப்புறம்தான் சிக்கல். ரெக்கார்டர் ஒலியை அளவுகோலாக வைத்துப் பார்த்தால் போன் படம் 10-வது நிமிடத்தில் 6 ஃபிரேம் தள்ளி நிற்கிறது, 20-ல் 5, 35-ல் 14, முடிவில் 19. கேமராவிலும் முடிவில் 3 ஃபிரேம் வித்தியாசம். போன் கிளிப்பை இன்டர்பிரெட் ஃபுட்டேஜில் 29.97 ஆக மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. இதற்குள் 140 வெட்டுகளுக்கு மேல் போட்டாயிற்று. அவற்றை இழக்காமல் சரிசெய்ய முடியுமா?

ஒலிமேசை:
முதல் வேலையாக இன்டர்பிரெட் ஃபுட்டேஜைப் பழைய நிலைக்கே கொண்டுபோய்விடுங்கள். கோப்பு முழுக்க ஒரே வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டு அந்த வேகத்தை மாற்றும் வசதி அது. நடுநடுவே வேகம் மாறும் கோப்பை அது திருத்தாது.

நீங்கள் நான்கு இடத்தில் அளந்து எழுதியது மிக நல்லது, பாதி விடை அதிலேயே இருக்கிறது. 30-ஐ 29.97 ஆக ஓட்டிய கோளாறாக இருந்தால் வித்தியாசம் 0.1 சதவீதம், அதாவது மணிக்கு 3.6 விநாடி. 50 நிமிடத்தில் 3 விநாடி, ஏறத்தாழ 90 ஃபிரேம். உங்களுக்கு 19 தான். அதோடு அந்தக் கோளாறு நேர்கோடாக வளரும். உங்கள் போன் எண்கள் 6, 5, 14, 19 என்று ஏறி இறங்குகின்றன. இது மாறும் ஃபிரேம் ரேட், வேரியபிள் ஃபிரேம் ரேட் என்பார்களே, அதன் அடையாளம். கேமராவின் 3 ஃபிரேம் முற்றிலும் வேறு விஷயம், அதற்குப் பிறகு வருவோம்.

உறுதிசெய்ய இரண்டு சோதனை. போன் கிளிப்பை ப்ராஜெக்ட் பேனலில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள், மாறும் ஃபிரேம் ரேட் என்றால் பிரீமியரே அங்கே சொல்லிவிடும். கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் ஃபிரேம் ரேட் மோட் என்ற வரி வேரியபிள் என்று இருக்கும், கீழே குறைந்தபட்ச, அதிகபட்ச ரேட்டும் வரும். இரண்டாவது சோதனைதான் முக்கியம்: ரெக்கார்டரை மியூட் செய்துவிட்டு, போன் படத்தைப் போனின் சொந்த ஒலியோடு 45-வது நிமிடத்தில் ஓட்டுங்கள். படம் தன் ஒலியையே விட்டு விலகினால் வேரியபிள். போனின் படமும் ஒலியும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, இரண்டும் சேர்ந்து ரெக்கார்டரை விட்டு விலகினால் அது கருவிகளின் உள் கடிகாரங்களுக்கு இடையிலான வேறுபாடு.

காதை நம்பி அளக்காதீர்கள், குறிப்பாக ப்ளூடூத் ஹெட்ஃபோனில். அதன் தாமதமே சில ஃபிரேம் வரும். ‘ப’, ‘ம’ ஒலிக்கும் சொல்லில் உதடு பிரியும் ஃபிரேமையும் வேவ்ஃபார்ம் (ஒலியின் அலை வரைபடம்) எழும் இடத்தையும் கண்ணால் ஒப்பிடுங்கள்.

நிழல்வெட்டு:
பார்த்தேன். வேரியபிள்தான். குறைந்தபட்சம் 24-க்குப் பக்கம், அதிகபட்சம் 30-க்குச் சற்று மேல். 45-வது நிமிடத்தில் போன் படம் தன் ஒலியோடும் ஒட்டவில்லை.

ஒலிமேசை:
அப்படியானால் காரணம் தெளிவு. வெளிச்சம் குறையும்போது பல போன்கள் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கூடுதல் நேரம் ஒளியை வாங்குகின்றன, அதனால் விநாடிக்கு 30 என்பது 24 வரை இறங்கும். போன் சூடேறினாலும் ஃபிரேம்கள் தவறலாம். கோப்பில் ஒவ்வொரு ஃபிரேமோடும் அது தோன்றவேண்டிய நேரம் எழுதப்பட்டிருக்கும். ஆனால் எடிட்டிங் டைம்லைன் என்பது சம இடைவெளிக் கட்டம். நேரக்குறியைப் பார்க்காமல் ஃபிரேம்களை அந்தக் கட்டத்தில் வரிசையாக அடுக்கினால் படம் நழுவாமல் என்ன செய்யும்?

கிளிப்பை சோர்ஸ் மானிட்டரில் திறந்து எஃபெக்ட் கன்ட்ரோல்ஸைப் பாருங்கள். வேரியபிள் கோப்புகளுக்கு மட்டும் அங்கே ஒரு தேர்வு இருக்கும், அது ‘ப்ரிசர்வ் ஆடியோ சிங்க்’ என்றே இருக்கவேண்டும். சிறிய கிளிப்புக்கு அதுவே போதும். 50 நிமிட மல்டிகேமுக்கு அதை நம்பி உட்காரமாட்டேன். கோப்பையே மாறாத ரேட்டுக்கு மாற்றிவிடுவதுதான் உறுதியான வழி.

ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் செய்யலாம். கோப்பைத் திறந்து ப்ரொடக்ஷன் ஸ்டாண்டர்ட் ப்ரீசெட்டை எடுங்கள். வீடியோ தாவலில் ஃபிரேம் ரேட் 29.97, அதன் கீழே கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட். ‘பீக்’ (உச்ச வரம்பு மட்டும், கீழே இறங்கலாம்) என்று இருந்தால் பட்ட பாடெல்லாம் வீண். ‘சேம் ஆஸ் சோர்ஸ்’ வேண்டாம், எண்ணை நீங்களே கொடுங்கள். ஆடியோ தாவலில் போன் ஒலியைக் கட்டாயம் சேருங்கள், சாம்பிள்ரேட் 48. அந்த ஒலியை இறுதியில் பயன்படுத்தமாட்டீர்கள், ஆனால் அது இல்லாவிட்டால் ஒட்டுவதற்கும் சரிபார்ப்பதற்கும் பிடி கிடைக்காது.

பலரும் கோட்டைவிடுவது டைமென்ஷன்ஸ் தாவலில். அங்கே கிராப்பிங் ஆட்டோமேட்டிக் என்று இருந்தால் இருண்ட ஓரங்களைக் கறுப்புப் பட்டை என்று நினைத்து வெட்டிவிடும். அதை ‘நன்’ (None) என்று மாற்றுங்கள். ஃபில்டர்ஸில் இன்டர்லேஸ் டிடெக்ஷன், டீஇன்டர்லேஸ் இரண்டும் ஆஃப். போன் எச்டிஆரில் (வெளிச்ச வேறுபாட்டை அதிகமாகப் பதியும் முறை) எடுத்திருந்தால் 10 பிட் என்கோடரைத் தேர்ந்தெடுங்கள், 8 பிட்டில் வானமும் சுவரும் பட்டை பட்டையாகப் பிரியும்.

முடிந்ததும் பழைய கோப்பு, புதிய கோப்பு இரண்டின் நீளத்தையும் மீடியாஇன்ஃபோவில் ஒப்பிடுங்கள். ஓரிரு ஃபிரேமுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. இந்த மாற்றம் வேகத்தைத் தொடாது, தேவையான இடத்தில் ஃபிரேமை இரட்டிக்கும் அல்லது விடும், அவ்வளவுதான்.

கத்தரிக்கோல்:
ப்ரோ, வெட்டுகளைக் காப்பாத்துற வழி நான் சொல்றேன். முதல்ல ப்ராஜெக்டை சேவ் ஆஸ் போட்டு வேற பேர்ல ஒரு பிரதி வச்சுக்குங்க. மாத்துன கோப்புக்குப் புதுப் பேர் குடுங்க. பழைய பேரையே அதே ஃபோல்டர்ல வச்சா, கேஷ்ல (தற்காலிகமா சேமிச்சு வச்சதுல) இருக்கிற பழைய வேவ்ஃபார்மையும் பழைய ஒலியையும் பிரீமியர் எடுத்துக் காட்ட வாய்ப்பிருக்கு, சரியான கோப்பை வச்சுக்கிட்டே தப்புன்னு நினைப்பீங்க. அப்புறம் ப்ராஜெக்ட் பேனல்ல போன் கிளிப் மேல ரைட் கிளிக், ரீப்ளேஸ் ஃபுட்டேஜ். மல்டிகேம் சோர்ஸ் சீக்வென்ஸ் உட்பட எல்லா இடத்துலயும் ஒரே அடியா மாறிடும். 140 வெட்டும் அப்படியே நிக்கும்.

மாத்துன கோப்பை ப்ராக்ஸியா (எடிட் பண்றதுக்காக வைக்கிற லேசான பிரதி) மட்டும் இணைக்காதீங்க. எடிட் பண்ணும்போது சரியாத் தெரியும், எக்ஸ்போர்ட் பண்ணும்போது மூலக் கோப்புதான் போகும், பிரச்சினை திரும்ப வந்துடும்.

டிஸ்க்ல இடம் இருந்தா ஷட்டர் என்கோடர்ங்கிற மென்பொருள்ல ப்ரோரெஸ் 422 வடிவத்துக்கு மாத்துறதுதான் எனக்குப் பிடிச்ச வழி. ஃபிரேமுக்கு ஃபிரேம் தனியா சுருக்குறதால டைம்லைன்ல முன்னும் பின்னும் இழுக்க லேசா இருக்கும். 1080-ல 29.97-க்கு விநாடிக்கு 147 மெகாபிட், உங்க 50 நிமிஷத்துக்கு சுமார் 55 ஜிபி. 4கே-ன்னா நாலு மடங்கு.

நிழல்வெட்டு:
ஹேண்ட்பிரேக்கில் மாற்றி ரீப்ளேஸ் செய்தேன். நீளம் ஒத்துப்போகிறது. போன் இப்போது 35-வது நிமிடத்தில் 1 ஃபிரேம், முடிவில் 2 ஃபிரேம் மட்டுமே விலகுகிறது. கேமராவின் 3 ஃபிரேம் அப்படியே இருக்கிறது, ஒலி பிந்துகிறது. இதற்கு ஸ்பீட் டியூரேஷனில் 100.01 போடலாமா?

ஒலிமேசை:
வேண்டாம். கணக்கைப் பாருங்கள்: 3 ஃபிரேம் என்பது 0.1 விநாடி. 3,000 விநாடியில் 0.1 என்றால் 0.0033 சதவீதம். ஸ்பீட் பெட்டி இரண்டு தசம இடம்தான் வாங்கும். 0.01 சதவீதமே 50 நிமிடத்தில் 0.3 விநாடி, 9 ஃபிரேம் ஆகிவிடும். அந்தப் பக்கம் 6 ஃபிரேம் தவறிப்போய் நிற்பீர்கள்.

இது யாருடைய பிழையும் அல்ல. கேமராவுக்கும் ரெக்கார்டருக்கும் உள்ளே தனித்தனிப் படிகக் கடிகாரம். பத்து லட்சத்தில் முப்பது பங்கு வேறுபாடு இருந்தாலே இவ்வளவு வரும். அதனால் இது நேர்கோடாக வளரும், அரை ஃபிரேம் எங்கே எட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்: 8 நிமிடம் 20 விநாடியில் அரை ஃபிரேம், 25-வது நிமிடத்தில் ஒன்றரை, 41 நிமிடம் 40 விநாடியில் இரண்டரை. இந்த மூன்று இடங்களிலும் ஒலியில் இடத்துக்கு ஒரு ஃபிரேம் எடுத்துவிட்டால் பேட்டி முழுக்கப் பிழை அரை ஃபிரேமைத் தாண்டாது.

வெட்டிய சீக்வென்ஸில் இதைச் செய்யாதீர்கள். மல்டிகேம் கிளிப்பை கன்ட்ரோல் அழுத்தி டபுள் கிளிக் செய்தால் அதன் சோர்ஸ் சீக்வென்ஸ் திறக்கும். அங்கே செய்தால் எல்லா வெட்டுக்கும் தானாகப் போய்ச் சேரும். 8:20-க்கு அருகே யாரும் பேசாத, மூச்சு வாங்கும் ஒலியும் இல்லாத ஓர் இடைவெளியைத் தேடி ரெக்கார்டர் டிராக்கை மட்டும் வெட்டுங்கள். ‘ஏ’ விசையில் டிராக் செலக்ட் ஃபார்வர்டை எடுத்து, ஷிப்ட் பிடித்தபடி வெட்டுக்கு வலப்பக்கம் கிளிக் செய்தால் அந்த ஒரு டிராக் மட்டும் தேர்வாகும். ஷிப்ட் மறந்தால் எல்லா டிராக்கும் சேர்ந்து நகர்ந்துவிடும், கவனம். பிறகு ஆல்ட், இடது அம்பு, ஒரே ஒரு தட்டு. மேக் என்றால் ஆல்ட்டுக்குப் பதில் கமாண்ட். ஒரு ஃபிரேம் இடப்பக்கம் ஏறி முந்தைய துண்டின் கடைசி ஃபிரேமை மூடிக்கொள்ளும். வெட்டின் மேல் 2 ஃபிரேம் கிராஸ்ஃபேட் (ஒரு துண்டின் ஒலி மெல்ல மறைய அடுத்தது எழுவது) போட்டுவிடுங்கள், ‘டிக்’ சத்தம் வராது. மற்ற இரண்டு இடமும் இப்படியே.

ஒலியை முடித்தபிறகு போனை மறுபடி அளங்கள், ஏனென்றால் நீங்கள் இப்போது சொன்ன 2 ஃபிரேம் பழைய ரெக்கார்டர் ஒலியை வைத்து அளந்தது. மிச்சம் இருந்தால் கேமரா கோணம் திரையில் ஓடும் இடமாகப் பார்த்துப் போன் படத்தை வெட்டி ஒரு ஃபிரேம் நகர்த்துங்கள். பார்ப்பவர் கண்ணில் படாது.

கத்தரிக்கோல்:
ஒண்ணு சேர்த்துக்கிறேன். கோப்பை மாத்துனதுல போன் கோணத்துக்குத் தாவுற வெட்டுகள்ல படம் சில ஃபிரேம் நகர்ந்திருக்கும், முன்னாடி நழுவுன படத்தைப் பார்த்துத்தானே வெட்டுனீங்க. கண் சிமிட்டுற நடுவுல வெட்டு விழுந்திருக்கலாம். கடைசிப் பாதியில அதிகமா இருக்கும், அங்கிருந்து பின்னோக்கிப் பாருங்க, ரோலிங் எடிட்ல (வெட்டுற இடத்தை மட்டும் முன்னும் பின்னும் நகர்த்துறது) சரி பண்ணிடலாம்.

சட்டகம்:
டாவின்சி ரிசால்வ் என்ற வேறு எடிட்டிங் மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கும் இதே கோப்பு மாற்றம்தான். கிளிப் ஆட்ரிபியூட்ஸில் ஒரே எண் தெரிவதால் ரேட் மாறாது என்று எண்ணிவிடாதீர்கள், மீடியாஇன்ஃபோவில் பாருங்கள். ஆட்டோ சிங்க் ஆடியோ வேவ்ஃபார்மை வைத்து ஓர் இடத்தில்தான் பொருத்தும், நழுவலைத் தீர்க்காது. டைம்லைன் ஃபிரேம் ரேட்டை ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் முதலிலேயே முடிவுசெய்யுங்கள், கிளிப்பை டைம்லைனில் வைத்தபின் அது பூட்டிக்கொள்ளும்.

அடுத்த முறை படம்பிடிக்கும்போது போனில் ஃபிரேம் ரேட்டைத் தானாக மாற்றும் தேர்வு இருந்தால் அணைத்துவிடுங்கள். ஐபோனில் அது கேமரா செட்டிங்ஸில் ரெக்கார்ட் வீடியோவின் உள்ளே, ஆட்டோ எஃப்பிஎஸ் என்று இருக்கும். முடிவிலும் ஒரு கைதட்டல் தட்டச் சொல்லுங்கள். இரண்டு முனையிலும் தட்டல் இருந்தால் எத்தனை ஃபிரேம் நழுவியது என்பது உதட்டைத் தேடாமலே ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.